சென்னைக்கும் பலாலிக்கும் நடுவே 355 கிலோமீட்டர்

சென்னைக்கு எந்த ஊர் பக்கம், மதுரையா யாழ்ப்பாணமா? இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். மதுரைதான், இதிலென்ன சந்தேகம் என்பார்கள். இரண்டு விமான நிலையங்களையும் வரைபடத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்க. மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் நேர்க்கோட்டில் 415 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கோயம்புத்தூர் 400 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துக்கு வடக்கே இருக்கிற பலாலி விமான நிலையமோ ஏறக்குறைய 355 கிலோமீட்டர்தான். மதுரையைவிட அறுபது கிலோமீட்டர் பக்கம்.

கணக்கு ரொம்ப எளிது. மீனம்பாக்கம் 12 பாகை 59 கலை வட அட்சம். பலாலி 9 பாகை 47 கலை சொச்சம். வித்தியாசம் 3 பாகை 11 கலை, கூடவே சில விகலை. அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல். ஆக 191 கடல் மைல் சொச்சம், அதை 1.852ஆல் பெருக்கினால் 355 கிலோமீட்டர் வருகிறது. தீர்க்கரேகையைப் பற்றிக் கவலையே பட வேண்டாம், ஏனென்றால் இரண்டு ஊருக்கும் அதில் வித்தியாசம் ஆறு கலைகூட இல்லை. சென்னையிலிருந்து கிளம்புகிற விமானி மூக்கை நேர் தெற்கே வைத்தால் போதும், பலாலி வந்துவிடும்.

பெரம்பூரில் ரயில்வே குடும்பங்களுக்கு நடுவே இருப்பவர்களுக்கு தூரம் என்றால் வரைபடம் நினைவுக்கு வராது, டைம் டேபிள்தான் வரும். எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எந்த ஜங்ஷனில் மாற வேண்டும் என்பதுதான் தூரம். அந்தக் கண்ணோடு இந்த 355 கிலோமீட்டரைப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. கடந்த 170 வருஷத்தில் இதே தூரம் ஓர் இரவாகவும், ஒன்றரை நாளாகவும், ஒன்றரை மணி நேரமாகவும், பிறகு போகவே முடியாத தூரமாகவும் மாறி மாறி இருந்திருக்கிறது. அந்த மாற்றங்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் நோக்கம்.

முதலில் கடிகாரத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் உச்சிப்பொழுது இரண்டிலும் ஒரே சமயத்தில் வருகிறது, வித்தியாசம் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டப்பட்ட வானாய்வகத்தின் கணக்குப்படிதான் 'மெட்ராஸ் டைம்' ஓடியது. 1905 வரை இந்திய ரயில்களெல்லாம் அந்த நேரத்தைத்தான் பின்பற்றின. பம்பாய்க்காரர்கள் அதை அந்நிய நேரம் என்று முறைத்துக்கொண்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்துக்காரருக்கு அது உள்ளூர்ச் சூரியனின் நேரமாகவே பொருந்தியிருக்கும். 1906இல் இந்தியாவும் இலங்கையும் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னே என்ற ஒரே கணக்குக்கு வந்தன. இந்த ஐந்தரைக் கணக்கு பின்னாளில் ஓர் அரசியல் விஷயமாகவே ஆயிற்று, அதைப் பிறகு சொல்கிறேன்.

பாய்மரக் காலத்தில் இந்தத் தூரம் எப்படி இருந்தது? யாழ்ப்பாணத்து வல்லங்கள் நேராகச் சென்னைக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. பருத்தித்துறைக்கும் கோடியக்கரைக்கும் நடுவே கடல் அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான். வல்வெட்டித்துறை, பருத்தித்துறைக் கப்பல்காரர்கள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் போய்வருவது அண்டை ஊருக்குப் போய்வருவது மாதிரி. சோளகம், வாடை என்று காற்றைப் பார்த்துக் கிளம்புவார்கள். காற்று சரியாக வாய்த்தால் ஓர் இரவில் அக்கரை, வாய்க்காவிட்டால் கரையிலேயே காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் கப்பல்காரர்களின் திறமைக்கு ஒரு சான்று: வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அட்லாண்டிக் தாண்டி அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்டவர்களுக்குப் பாக்கு நீரிணை ஒரு கடலா என்ன!

1849இல் ஆறுமுக நாவலர் அச்சியந்திரம் வாங்குவதற்காக இந்தக் கடலைத் தாண்டித்தான் சென்னைக்கு வந்தார். அதே பயணத்தில் திருவாவடுதுறை ஆதீனத்தில் 'நாவலர்' பட்டமும் கிடைத்தது. பின்னால் சென்னையிலேயே ஓர் அச்சுக்கூடம் வைத்து நடத்தினார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கி முதல் பட்டதாரிகள் வெளிவந்தபோது அவர்கள் இரண்டு பேர்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். சென்னையின் முதல் பி.ஏ. சென்னைக்காரர் இல்லை என்பது இன்றைக்குப் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அன்றைக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்காது. தஞ்சாவூரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ மாட்டுவண்டியில் வருகிறவரைவிட, கடல்வழி வருகிறவர் அப்படியொன்றும் தொலைவிலிருந்து வந்தவர் அல்ல.

ராயபுரத்திலிருந்து 1856 ஜூலை 1ஆம் தேதி வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் கிளம்பியது. தெற்கே முதல் பாசஞ்சர் வண்டி அதுதான். அதே வருஷம்தான் மெட்ராஸ் ரயில்வே பெரம்பூரில் தன் பட்டறையைத் தொடங்கியது. ரயில் வந்த பிறகு ஊருக்கு ஊர் தூரம் சுருங்கியது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். உண்மைதான், ஆனால் ரயில் போன ஊருக்கு மட்டும்தான் சுருங்கியது. யாழ்ப்பாணத்துக்கு நடந்தது வேறு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து கொழும்பு போக வேண்டுமென்றால் தூத்துக்குடி வரை ரயில், அது 700 கிலோமீட்டர் சொச்சம், கிட்டத்தட்ட 22 மணி நேரம். அங்கிருந்து ராத்திரி நீராவிக் கப்பல். 1914 பிப்ரவரி 24ஆம் தேதி பாம்பன் பாலம் திறந்த பிறகு வழி மாறியது. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 35 கிலோமீட்டர் கப்பல், அங்கிருந்து மறுபடி ரயில். ஜனங்கள் 'போட் மெயில்' என்று செல்லமாகக் கூப்பிட்ட இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் இதுதான். ஒரே டிக்கெட்டில் எழும்பூரிலிருந்து கொழும்பு கோட்டை வரை போகலாம். இர்வின், கோஷன் என்ற கப்பல்களின் பேரை ராமேஸ்வரத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

எல்லோரும் புகழ்கிற இந்தப் போட் மெயில் கொழும்புக்காரருக்காகப் போட்ட பாதை. யாழ்ப்பாணத்துக்காரர் என்ன செய்ய வேண்டும்? எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி 675 கிலோமீட்டர், 19 மணி நேரம் போல. கப்பலில் 35. தலைமன்னாரிலிருந்து தென்கிழக்கே மதவாச்சி ஜங்ஷன் வரை 106. அங்கே இறங்கி, கொழும்பிலிருந்து வருகிற வடக்கு வண்டியில் ஏறி, வவுனியா தாண்டி, வந்த திசைக்கு எதிராக மறுபடி வடக்கே 150 கிலோமீட்டருக்கு மேல். ஆகமொத்தம் 950 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். நேர்க்கோட்டில் 355. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நவீனம் வந்து தூரத்தைக் கூட்டிய கதை இது. வல்லம் போட்ட கோடு குறுக்குக்கோடு, ரயில் போட்ட கோடு தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கோடு. வசதியும் பத்திரமும் ரயிலில் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வரைபடத்தில் யாழ்ப்பாணம் சென்னைக்குப் பக்கத்து ஊர் என்பது ஜனங்களின் மனசிலிருந்து நழுவத் தொடங்கியதற்கு இந்த டைம் டேபிளும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

பாதை அகலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கை ரயில் அகலப் பாதை, ஐந்தடி ஆறங்குலம், நம் பிராட்கேஜ் அளவேதான். ஆனால் எழும்பூர்–தனுஷ்கோடி அன்றைக்கு மீட்டர்கேஜ். ராமர் பாலத்தின் மேல் பாலம் கட்டியிருந்தாலும் வண்டி மாறித்தான் ஏறியிருக்க வேண்டும். இப்போது ராமேஸ்வரம் வரை பிராட்கேஜ் வந்துவிட்டது, அக்கரையிலும் பிராட்கேஜ், நடுவே கப்பல்தான் இல்லை.

போட் மெயிலில் எல்லோருக்கும் ஒரே பயண நேரமும் இல்லை. கையில் காசுள்ளவர் நடுவில் தடையில்லாமல் கொழும்பு போய்க் காபி குடிப்பார். தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி பிடித்துப்போன ஆள் மண்டபம் முகாமில் இறக்கப்பட்டு, மருத்துவச் சோதனை, தடுப்பூசி, தொற்றுநோய்க் காவல் என்று சில நாட்கள் அடைபட்டுக் கிடந்த பிறகுதான் கப்பலேறுவார். இந்திய மண்ணில் இருந்த அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசு. ஒரே கப்பல், ஒரே கடல், இரண்டு விதமான தூரம். மண்டபம் முகாம் இந்தக் கதையில் இன்னும் இரண்டு தடவை வரும்.

விமானத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை பலாலியில் ஓடுபாதை போட்டது. போர் முடிந்து, இலங்கை சுதந்திரம் அடைவதற்கு இரண்டு மாதம் முன்னால், 1947 டிசம்பர் 10ஆம் தேதி ஏர் சிலோன் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. வண்டி ஒரு டக்கோட்டா. கிளம்பிய இடம் கொழும்புக்குத் தெற்கே இரத்மலானை. நடுவில் இறங்கிய இடம் காங்கேசன்துறை, அதாவது பலாலி. போய்ச் சேர்ந்த இடம் சென்னை. இலங்கையின் தேசிய விமானக் கம்பெனி பறந்த முதல் கோடு யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் போட்ட கோடு.

இது ஏதோ பாசத்தினால் நடந்தது அல்ல, பூகோளம் அப்படி. பலாலியிலிருந்து இரத்மலானை 330 கிலோமீட்டர். சென்னை 355. யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட நட்டநடுவே உட்கார்ந்திருக்கிறது. டக்கோட்டா மாதிரிச் சின்ன விமானத்துக்கு இதைவிட வசதியான இடைநிறுத்தம் கிடைக்காது.

டக்கோட்டா மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்று வைத்துக்கொள்வோம். 355 கிலோமீட்டருக்கு வானத்தில் ஒன்றேகால் மணி நேரம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். இன்றைக்கு இதே கோட்டில் பறக்கிற ஏடிஆர் 72 மணிக்கு 500 கிலோமீட்டர் போகக்கூடியது. அப்படியென்றால் 43 நிமிஷத்தில் போய்ச் சேர வேண்டும் இல்லையா? ஆனால் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் போட்டிருக்கும். அது வானத்தில் இருக்கிற நேரம் மட்டுமல்ல. சக்கரத்துக்கு அடியிலிருந்து கட்டையை எடுத்ததிலிருந்து, அந்தப் பக்கம் போய்க் கட்டையை வைக்கிற வரைக்கும் உள்ள நேரம். மீனம்பாக்கத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, மேலே ஏறும்போது வேகம் குறைவது, இறங்கும்போது சுற்றுவது எல்லாம் அதில் அடக்கம். குறுந்தூரப் பயணத்தில் இந்த உதிரி நேரம்தான் பாதி. எழுபத்தைந்து வருஷத்தில் விமானத்தின் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது, அச்சிட்ட பயண நேரமோ கால் மணி நேரம்தான் குறைந்திருக்கிறது. பாதுகாப்புச் சோதனைக்கும் இமிகிரேஷனுக்கும் முன்கூட்டியே போய் நிற்கிற நேரத்தைச் சேர்த்தால் டக்கோட்டா ஜெயித்துவிடும். பெரம்பூரிலிருந்து காலை நெரிசலில் மீனம்பாக்கம் போய்ச் சேர்கிற நேரத்தில் விமானம் பலாலியே போய்விடும் என்பது வேறு விஷயம்.

விமானம் வந்த அதே வருஷங்களில் காகிதமும் வந்தது. அதுவரை இந்தக் கடலைத் தாண்டப் பாஸ்போர்ட், விசா என்ற பேச்சு இல்லை. 1948–49இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமை, குடிவரவுச் சட்டங்களுக்குப் பிறகு அது வெளிநாட்டுப் பயணமாயிற்று. மலையகத் தோட்டங்களில் தலைமுறையாக வேலை பார்த்தவர்கள் ஒரே சட்டத்தில் எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் போனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று எண்ணிக்கை போட்டது. இரண்டே மாதத்தில், டிசம்பர் 22–23 இரவு, புயல் வந்து தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த பாசஞ்சர் வண்டி அப்படியே கடலோடு போனது. கப்பல் அதன் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. அந்தக் கப்பலில்தான் 'தாயகம் திரும்புவோர்' என்று அரசாங்கம் பேர் வைத்த மலையக மக்கள், பார்த்தேயிராத தாயகத்துக்கு வந்து இறங்கி மண்டபம் முகாமில் பதிவு செய்துகொண்டார்கள். தாத்தா போகும்போது அடைபட்ட அதே முகாம்.

1978–79இல் ஏர் சிலோன் மூடப்பட்டு ஏர் லங்கா வந்தது. புதுக் கம்பெனியின் கண் லண்டன், பாரிஸ் பக்கம் இருந்தது, பலாலி–சென்னை அதோடு முடிந்தது. 1983 ஜூலைக் கலவரம். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. அதே 1984 ஆகஸ்ட் 2ஆம் தேதி மீனம்பாக்கத்தில் கொழும்பு விமானத்தில் ஏற்றுவதற்காகக் கொண்டுவந்த பெட்டியில் குண்டு வெடித்து முப்பது பேர் போல செத்தார்கள். பலாலி ராணுவத் தளமாயிற்று.

பயணிகள் விமானம்தான் நின்றதே தவிர, இந்தக் கடலுக்கு மேல் விமானமே பறக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1987 ஜூன் 4ஆம் தேதி இந்திய விமானப்படை ஏஎன்-32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. அடுத்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, இந்திய ராணுவம் பலாலியிலேயே போய் இறங்கியது. 1990 மார்ச்சில் கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பலில் நம்ம சென்னைத் துறைமுகத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் தூரம் உண்மையிலேயே பூதாகரமானது. 1990 ஜூனில் யாழ்ப்பாண ரயில் நின்றது. 1956இலிருந்து ஓடிய 'யாழ்தேவி' வவுனியாவோடு சரி. ஏ9 சாலை மூடியது, திறந்தது, மூடியது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் சென்னைக்கு, மகளைப் பார்க்கவோ வைத்தியத்துக்கோ வர வேண்டுமென்றால் முதலில் எதிர்த்திசையில் கொழும்புக்குப் போக வேண்டும். சாலை மூடியிருந்த காலத்தில் அதற்குப் பலாலியிலிருந்து உள்நாட்டு விமானம், அல்லது திருகோணமலைக்குக் கப்பல். இரண்டுக்கும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி. 1998 செப்டம்பர் 29ஆம் தேதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் ஏர் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது, ஏறியிருந்த 55 பேரும் இறந்தார்கள். கொழும்பு போய்ச் சேர்ந்தாலும் விசா வேண்டும், லாட்ஜில் தங்க வேண்டும், போலீஸ் பதிவு வேண்டும். அப்புறம் கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு 645 கிலோமீட்டர் பறக்க வேண்டும். அந்த விமானம் யாழ்ப்பாணத்துப் பக்கத்து வானத்தைக் கடந்துதான் சென்னைக்கு வரும். வீட்டைவிட்டுக் கிளம்பி வாரக்கணக்கில் அலைந்த பிறகு, ஜன்னலுக்கு வெளியே கீழே தெரிவது சொந்த ஊர்.

கடிகார விஷயத்தைச் சொல்கிறேன் என்றேனே. 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டைச் சொல்லி இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, அதே வருஷம் அரை மணி நேரம் பின்னே இழுத்தது. அதிலிருந்து 2006 ஏப்ரல் வரை கொழும்பும் சென்னையும் அரை மணி நேர வித்தியாசத்தில் இருந்தன. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி மட்டும் இதை ஏற்கவில்லை, பழைய ஐந்தரையிலேயே நின்றது. ஏ9 திறந்திருந்த 2002–2006 காலத்தில் கொழும்பிலிருந்து வரும் பஸ் ஓமந்தையில் சோதனைச்சாவடி தாண்டினால் கடிகாரம் அரை மணி நேரம் பின்னால் போகும், முகமாலை தாண்டி யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்தால் மறுபடி முன்னால் வரும். ஆக அந்த வருஷங்களில் கிளிநொச்சிக்கும் சென்னைக்கும் ஒரே மணி, கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வேறு வேறு மணி. எந்த ஊர் எந்த ஊருக்குப் பக்கம் என்பதற்கு இதுவும் ஓர் அளவுகோல்தான்!

டிக்கெட் வாங்காமல் வந்தவர்களின் பாதை ஒன்று உண்டு. மன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ராத்திரியில் படகு, முப்பது கிலோமீட்டர் போல. 1983க்குப் பிறகு லட்சக்கணக்கானவர்கள் அப்படி வந்தார்கள். மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டு, கரைக்கு வந்து, மண்டபம் முகாமில் பதிவு. அங்கிருந்து தமிழ்நாடு முழுக்கப் பிரித்து அனுப்பினார்கள். இன்றைக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். அதில் இரண்டு நம்ம பக்கம். ஒன்று கும்மிடிப்பூண்டி. இன்னொன்று பெரம்பூரிலிருந்து மாதவரம் தாண்டிப் போனால் வருகிற புழல் காவாங்கரை. 2021இல் அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 2019ஆம் வருஷக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேர்க்கவில்லை. படகில் வந்தவரிடம் இமிகிரேஷன் முத்திரை இல்லை, பலரிடம் பாஸ்போர்ட்டே இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, சென்னைத் தமிழ் பேசுகிற பிள்ளைகளுக்கும் இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது. காவாங்கரையிலிருந்து ஏர்போர்ட்டுக்குப் போவது சுலபம், அங்கிருந்து அப்பால் போவதுதான் கஷ்டம்.

2009இல் போர் முடிந்த பிறகு கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ரயில்தான் முதலில். இந்தியாவின் இர்கான் நிறுவனம் தண்டவாளத்தைப் புதிதாகப் போட்டு 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி போனது. இதில் பெரம்பூருக்கும் பங்கு உண்டு. 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு திறந்து வைத்த நம்ம ஐசிஎஃப், எஸ்-13 என்ற டீசல் ரயில் தொடர்களை இலங்கைக்காகக் கட்டியது. 2019 ஜனவரியில் அதில் ஒன்று 'உத்தர தேவி' என்ற பெயரில் கொழும்பு–காங்கேசன்துறைப் பாதையில் ஓடத் தொடங்கியது. பெரம்பூரில் செய்த பெட்டி யாழ்ப்பாணம் போவதற்குக் கப்பலேறி முதலில் கொழும்பு போய், அங்கிருந்து 400 கிலோமீட்டர் வடக்கே வந்திருக்கிறது. பெட்டிக்கும் அதே சுற்றுவழிதான்.

விமானம் 2019 அக்டோபர் 17ஆம் தேதி. அன்றைக்குப் பலாலி 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' ஆனது, சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் ஏடிஆர் விமானம் போய் இறங்கியது. நவம்பர் 11இல் வழக்கமான சேவை. நாலு மாதத்தில் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பர் 12இல் மறுபடி ஆரம்பம். 2024 செப்டம்பர் 1இலிருந்து இண்டிகோவும் பறக்கிறது. 2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் விட்டார்கள், 60 கடல் மைல், நாலு மணி நேரம் போல. ஒரே வாரத்தில் வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற வேறு கப்பலோடு மறுபடி தொடங்கியது. வாடைக்காற்று வந்தால் கரையில் காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதி மட்டும் மாறவில்லை.

இப்போது விமானத்தில் போகிறவர்கள் யார்? சென்னையில் தங்கிப் படிக்கிறவர்கள், வைத்தியத்துக்கு வருகிறவர்கள், கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள், லண்டன், டொராண்டோ, பாரிஸிலிருந்து கொழும்பைத் தவிர்த்துவிட்டுச் சென்னை வழியாக ஊருக்குப் போகிறவர்கள். கடைசியாகச் சொன்னவர்களுக்குத்தான் இது மிகப்பெரிய லாபம், கட்டுநாயக்காவில் இறங்கி எட்டு பத்து மணி நேரம் ஏ9இல் உட்கார்ந்து போக வேண்டியதில்லை.

பலாலி ஓடுபாதையைச் சுற்றிய வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் வெளியேற்றப்பட்டவர்கள். ராணுவ உயர் பாதுகாப்பு வலயம் என்று வேலி போட்ட காணிகளில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. இன்னும் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். விமான நிலையம் பெரிதாக வேண்டும், பெரிய விமானம் இறங்க ஓடுபாதை நீள வேண்டும் என்று கேட்கிறவர்களும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்தான், அந்த நீளத்துக்குள் என் தோட்டம் இருக்கிறது என்கிறவர்களும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்தான். சென்னையிலிருந்து போகிற ஏடிஆர் தாழ்ந்து வரும்போது ஜன்னலோரம் தெரிகிற செம்மண் நிலத்தில் பயிர் இருக்கிற துண்டும், பற்றை மண்டிக்கிடக்கிற துண்டும் தனித்தனியாகத் தெரியும்.